முகங்களை விற்று வாழ்ந்தவர்கள்

அமெரிக்கா ஒரு தேசமாகும் முன்பே அதன் முகத்தை வரையத் தொடங்கிவிட்டார்கள் உருவப்பட ஓவியர்கள். சட்டத்துக்குள் இடம் பிடித்தவர் யார், விளிம்பில் நிறுத்தப்பட்டவர் யார் என்பதிலேயே அந்நாட்டின் பாதிக் கதை அடங்கிக் கிடக்கிறது.

பிலடெல்பியாவைச் சேர்ந்த கப்பல் வணிகர் ஜான் சோர்ட்ஸ் வாக்குக் கொடுத்துத்தான் அந்தப் படத்தை வாங்கினார். படம் ஜார்ஜ் வாஷிங்டனுடையது. வரைந்தவர் கில்பர்ட் ஸ்டூவர்ட். இதை வைத்து யாரும் நகல் எடுக்கக்கூடாது என்பது ஓவியரின் நிபந்தனை. தலையாட்டிவிட்டுப் படத்தோடு கப்பலேறிய சோர்ட்ஸ் நேராகப் போனது சீனாவின் காண்டன் துறைமுகத்துக்கு. அங்கே கண்ணாடியில் வண்ணம் தீட்டுவதில் கைதேர்ந்த சீன ஓவியர்கள் இருந்தார்கள். சுமார் நூறு கண்ணாடி வாஷிங்டன்களோடு ஊர் திரும்பி, கடை விரித்தார் சோர்ட்ஸ். கொதித்துப்போன ஸ்டூவர்ட் நீதிமன்றத்துக்குப் போனார். 1802 மே 14 அன்று அந்த நகல்களின் விற்பனைக்குத் தடையுத்தரவு கிடைத்தது.

திருட்டு கேசட், திருட்டு வி.சி.டி. பார்த்துப் பழகியவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது. ஸ்டூவர்ட்டுக்கும் இது கௌரவப் பிரச்னை மட்டுமல்ல, வயிற்றுப் பிரச்னை. வாஷிங்டனின் முகம்தான் அவருடைய வங்கிக் கணக்கு. 1796-ல் வாஷிங்டனை எதிரே உட்காரவைத்து வரைந்த ஒரு படத்தை அவர் கடைசிவரை முடிக்கவே இல்லை. முகம் இருக்கிறது, உடம்பு இல்லை. வேண்டுமென்றே அப்படி விட்டார். முடித்தால் கொடுத்துவிட வேண்டுமே! அந்த அரைகுறைப் படத்தை மூலமாக வைத்துக்கொண்டு, தன் கையாலேயே அறுபதுக்கும் மேற்பட்ட நகல்களைப் போட்டு விற்றார். ஒன்று நூறு டாலர். அவற்றுக்கு அவரே வைத்த செல்லப்பெயர் 'என் நூறு டாலர் நோட்டுகள்'. விதியின் குறும்பைப் பாருங்கள், அதே முகம்தான் பிற்பாடு இடவலம் மாறி ஒரு டாலர் நோட்டில் ஏறியது.

படம் கேட்ட சீமாட்டி மார்த்தா வாஷிங்டனுக்கு மூலப்படம் கிடைக்கவே இல்லை. 1828-ல் ஸ்டூவர்ட் இறந்தபோது அவர் குடும்பத்துக்கு மிஞ்சியது கடன்தான். பாஸ்டனில் அடையாளக் கல்கூட இல்லாத குழியில் புதைக்கப்பட்டார். டாலர் நோட்டில் அச்சான முகத்தைத் தந்தவரின் உடல் எங்கே இருக்கிறது என்று பின்னாளில் அவர் குடும்பத்தாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

கோயில் இல்லை, கொற்றவன் இல்லை

அமெரிக்க ஓவியர்கள் ஏன் முகத்தையே நம்பிப் பிழைத்தார்கள்? காரணம் எளிது. ஐரோப்பாவில் ஓவியனுக்குச் சோறு போட்டவர்கள் மூன்று பேர்: தேவாலயம், அரசவை, பிரபுக்கள். இங்கிலாந்திலிருந்து வந்து நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன்கள் வழிபாட்டு இடத்தில் படம் வைப்பதை உருவ வழிபாடு என்று வெறுத்தவர்கள். அரசரோ கடலுக்கு அப்பால் இருந்தார். இயற்கைக் காட்சியை வாங்கிச் சுவரில் மாட்டும் ரசனை இன்னும் வளரவில்லை. மிஞ்சியது ஒன்றே ஒன்று: கொஞ்சம் காசு சேர்த்த வியாபாரியும் வக்கீலும் தன் முகத்தையும் மனைவி முகத்தையும் பிள்ளைகளுக்கு விட்டுப்போக விரும்பியது.

அதற்கும் முழுநேர ஓவியன் கிடைப்பது அரிது. கடைப் பலகை எழுதுகிறவர், வண்டிக்கு வர்ணம் பூசுகிறவர், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர் இவர்களில் கை கொஞ்சம் வளைகிறவர் முகமும் வரைந்துகொடுத்தார். பலர் கையெழுத்துப் போடும் வழக்கமில்லாதவர்கள். அதனால் படம் இருக்கிறது, பெயர் இல்லை.

பாஸ்டன் நகரில் 1671-ல் தொடங்கி 1674-ல் முடிந்த எலிசபெத் ஃப்ரீக்கின் படம் இதற்கு உதாரணம். யார் வரைந்தது என்று தெரியாததால் ஆய்வாளர்கள் அவரை 'ஃப்ரீக் ஓவியர்' என்றே அழைக்கிறார்கள். மாசசூசெட்ஸின் ஊஸ்டர் கலைக்கூடத்தில் உள்ள இந்தப் படத்தில் பியூரிட்டன்கள் என்றால் கறுப்பு உடையும் கடுகடுத்த முகமும் என்ற எண்ணம் தவிடுபொடியாகிறது. சரிகை வேலைப்பாடு, முத்துமாலை, மணிக்கட்டில் மணிகள், பாவாடையில் சிவப்பும் பொன்னும். மடியில் ஆறு மாதக் குழந்தை மேரி.

எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது ஓர் ரகசியம் வெளிவந்தது. முதலில் எலிசபெத் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் இருந்தன. 1674-ல் மேரி பிறந்ததும் ஓவியரை மறுபடி அழைத்து, கைகளை இடம் மாற்றி, குழந்தையைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவர் கூடினால் படத்திலும் கூட வேண்டும். அவர்களுக்குப் படம் என்பது கலைப்பொருளாக இருந்ததைவிடக் குடும்பப் பதிவேடாகத்தான் இருந்தது.

தெற்கே சார்ல்ஸ்டன் நகரில் இதே தொழில் ஒரு பெண்ணின் அடுப்பை எரியவைத்தது. பாதிரியாரின் மனைவி ஹென்ரியட்டா ஜான்ஸ்டன் 1708 வாக்கில் அங்கே வந்து சேர்ந்தார். கணவருக்கு ஓயாத நோய். சம்பளமும் ஒழுங்காக வரவில்லை. பேஸ்டல் குச்சிகளை எடுத்துக்கொண்டு ஊரிலுள்ள வசதியானவர்களின் முகங்களை வரையத் தொடங்கினார் ஹென்ரியட்டா. மனைவியின் இந்த வருமானம் இல்லாவிட்டால் பிழைத்திருக்கவே முடியாது என்று கணவர் லண்டனிலிருந்த மேலிடத்துக்கு எழுதினார். அமெரிக்காவில் ஓவியத்தைத் தொழிலாகச் செய்ததாக அறியப்படும் முதல் பெண் இவர்தான்.

சென்னைப் பணத்தில் ஒரு ராஜா

பார்த்துக் கற்றுக்கொள்ள நல்ல படங்கள் இல்லாததுதான் உள்ளூர் ஓவியர்களின் பெரிய குறை. வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு படமும் ஒரு பாடசாலை. அப்படி வந்த ஒன்றுக்குச் சென்னைத் தொடர்பு உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக 1687 முதல் 1692 வரை இருந்தவர் எலிஹு யேல். சென்னையில் வைரமும் துணியும் வாங்கி விற்றுப் பெரும் செல்வராகி லண்டன் திரும்பியவர். கனெக்டிகட்டில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கல்லூரி அவரிடம் கையேந்தியது. 1718-ல் அவர் அனுப்பியது ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், கூடவே மன்னர் முதலாம் ஜார்ஜின் உருவப்படம் ஒன்று. சரக்கை விற்று 562 பவுண்டு சேர்த்தார்கள். நன்றிக்கடனாகக் கல்லூரி யேல் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

முறையாகப் பயின்ற ஓவியர் என்று சொல்லத்தக்கவர் 1729-ல்தான் வந்தார். எடின்பரோவில் பிறந்து இத்தாலியில் பயின்ற ஜான் ஸ்மைபர்ட், தத்துவஞானி ஜார்ஜ் பெர்க்லியோடு கப்பலேறியவர். பெர்க்லி பெர்முடாவில் கல்லூரி கட்டும் கனவோடு வந்தார். கனவு கலைந்து அவர் திரும்பிவிட்டார். ஸ்மைபர்ட் பாஸ்டனிலேயே தங்கி, ஒரு வர்ணக்கடை வைத்தார். கடைக்கு மேலே இருந்த அறையில், இத்தாலியில் தான் பார்த்து எழுதிய பெரிய ஓவியங்களின் நகல்களை மாட்டினார். 1751-ல் அவர் இறந்த பிறகும் அந்த அறை கலையாமல் இருந்தது. ஐரோப்பாவைக் காணாத ஒரு தலைமுறைக்கு அந்த ஒரே அறைதான் ரோம், அதுதான் பாரிஸ்.

இதற்கு அடுத்தபடி கைகொடுத்தவை லண்டனிலிருந்து வந்த அச்சுப் படங்கள். அங்கே ஒரு சீமாட்டி எப்படி உட்கார்ந்தாரோ அப்படியே இங்கே வணிகர் மனைவியும் உட்காருவார். 1764 வாக்கில் வரையப்பட்ட பாஸ்டன் சீமாட்டி டேனியல் ஹப்பர்டின் படத்தில் நிற்கும் விதம், உடை எல்லாமே ஓர் ஆங்கிலப் பிரபுவின் மனைவி படத்திலிருந்து எடுத்தவை. முகம் மட்டும் சொந்தம். அவரை வரைந்தவருக்கு அது போதும். அந்த முகத்தில்தான் அவர் ஆளையே கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அவர் பெயர் ஜான் சிங்கிள்டன் காப்ளி.

தேநீர்க் கோப்பைக்குள் புயல்

காப்ளி பிறந்தது 1738-ல். தாய் பாஸ்டன் துறைமுகத்தில் புகையிலைக் கடை நடத்தியவர். அவரை மறுமணம் செய்துகொண்ட பீட்டர் பெல்ஹாம் அச்சுப் படங்கள் செதுக்குபவர். காப்ளிக்குப் பதின்மூன்று வயதாகும்போது பெல்ஹாமும் இறந்தார். வீட்டில் கிடந்த படங்களும் கருவிகளும்தான் பையனுக்குக் குரு. இருபது வயதுக்குள் ஊரின் முன்னணி ஓவியராகிவிட்டார்.

பாஸ்டன் ரசிகர்களின் பாராட்டு அவருக்குத் திருப்தி தரவில்லை. 1765-ல் தன் தாய்வழித் தம்பி (தாய் ஒருவர், தந்தை வேறு) ஹென்றி பெல்ஹாமை, கையில் சங்கிலியில் கட்டிய பறக்கும் அணிலோடு வரைந்து லண்டனுக்கு அனுப்பினார். 1766-ல் கண்காட்சியில் வைக்கப்பட்ட அதைப் பார்த்து வியந்தார் ஜோஷுவா ரெனால்ட்ஸ், அன்றைய ஆங்கில ஓவிய உலகின் சக்கரவர்த்தி. கூடவே எச்சரிக்கை: கோடுகள் கடினமாக இருக்கின்றன, கை கெட்டுப்போகும் முன் ஐரோப்பாவுக்கு வந்துவிடட்டும்.

போக ஆசைதான். ஆனால் பாஸ்டனில் ஆண்டு வருமானம் 300 கினி. உள்ளூர் விலைவாசிக்கு அது லண்டனில் 900 கினிக்குச் சமம் என்று கணக்குப் பார்த்தார் காப்ளி. 1771-ல் நியூயார்க் போய் சில மாதங்களில் 37 படங்கள் வரைந்து திரும்பினார். மனிதர்கள் வரிசையில் நின்று உட்கார்ந்தார்கள்.

அவருடைய வாடிக்கையாளர்களைப் பார்த்தால் அந்தக் கால வணிக உலகமே தெரியும். 1767-ல் அவர் வரைந்த பணக்கார வணிகர் நிக்கலஸ் பாய்ல்ஸ்டன் மொட்டைத் தலையில் பட்டுத் தொப்பியும் உடம்பில் தொளதொள பட்டு அங்கியுமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த அங்கிக்கு ஆங்கிலத்தில் 'பன்யன்' என்று பெயர். இந்திய வணிகர்களைக் குறிக்கும் பனியா என்ற சொல்லிலிருந்து வந்தது. இன்று திருப்பூரில் தயாராகும் பனியனுக்கும் இதே மூலம்தான். கீழைக் கடல் வணிகத்தின் செழிப்பை உடம்பில் போர்த்திக்கொண்டு காட்டுவது அன்றைய பாஸ்டன் நாகரிகம்.

மறுவருடம் அதே ஓவியர் வரைந்த பால் ரிவியர் நேர் எதிர். கோட்டு இல்லை, வெறும் வெள்ளைச் சட்டை. கையில் தான் செய்த வெள்ளித் தேநீர்க் கெண்டி. மேசைமேல் தட்டார் கருவிகள். உழைப்பாளியை உழைக்கும் உடையில் வரைவது அன்று புதுமை. தேயிலைக்கு லண்டன் வரி போட்டு ஊரே கொதித்துக்கொண்டிருந்த வேளையில் தேநீர்க் கெண்டியைப் பிடித்திருந்த இந்தத் தட்டார்தான், 1775-ல் பிரிட்டிஷ் படை வருவதை ஊர் ஊராகக் குதிரையில் போய் அறிவித்த புரட்சிக்காரர். கலகத் தலைவர் சாமுவேல் ஆடம்ஸையும் காப்ளி வரைந்தார், கலகத்தை எதிர்த்த அரச விசுவாசிகளையும் வரைந்தார். காசு கொடுத்தால் யார் முகமும் முகம்தான்.

அது நீடிக்கவில்லை. 1769-ல் காப்ளி மணந்த சூசன்னாவின் தந்தை ரிச்சர்ட் கிளார்க், கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையைப் பாஸ்டனில் விற்க நியமிக்கப்பட்ட ஏஜென்டுகளில் ஒருவர். (அந்தத் தேயிலை சீனாவில் விளைந்தது. அசாம் தேயிலை அப்போது வியாபாரத்திலேயே இல்லை.) 1773-ன் கடைசியில் கப்பல்கள் துறைமுகத்துக்கு வந்ததும் ஊர் இரண்டுபட்டது. கூச்ச சுபாவக்காரரான காப்ளி, கோட்டைக்குள் பதுங்கிய மாமனாருக்கும் பொதுக்கூட்டத்தில் கொந்தளித்தவர்களுக்கும் நடுவில் தூது நடந்தார். இரு தரப்பிலும் அவர் வரைந்த முகங்கள் இருந்தன. தூது பலிக்கவில்லை. டிசம்பர் 16 இரவு 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன.

1774 ஏப்ரலில் ஓர் இரவு, அரச விசுவாசியான ஒரு வணிகரைத் தேடிக்கொண்டு கும்பல் ஒன்று காப்ளியின் வீட்டு வாசலுக்கே வந்தது. ஜூனில் அவர் கப்பலேறிவிட்டார். அடுத்த ஆண்டு மனைவி, மக்கள் பின்தொடர்ந்தார்கள். லண்டனில் புகழ் வந்தது. மகன் பிற்காலத்தில் இங்கிலாந்தின் லார்ட் சான்ஸலர் ஆனார். 1815-ல் இறக்கும்வரை காப்ளி பாஸ்டனுக்குத் திரும்பவில்லை. லண்டனில் அவர் வரைந்த பெரிய வரலாற்று ஓவியங்களைவிட, பாஸ்டனில் குரு இல்லாமல் வரைந்த முகங்களே உயர்ந்தவை என்று கருதும் விமர்சகர்கள் ஏராளம்.

தேசத்துக்கு ஒரு முகம்

புரட்சி வென்றது. ராஜாவின் படத்தை இறக்கிய சுவர்கள் வெறுமையாக இருந்தன. அங்கே மாட்ட ஒரு முகம் தேவைப்பட்டது. அது வாஷிங்டனின் முகம்.

முதலில் அவரைப் பிடித்தவர் சார்ல்ஸ் வில்சன் பீல். சேணம் தைக்கும் தொழிலாளி. ஒரு சேணத்தைக் கூலியாகக் கொடுத்து, ஓவியர் ஜான் ஹெசீலியஸ் வரைவதைப் பார்த்துக் கற்றவர். வாஷிங்டன் வெறும் வர்ஜீனியா நிலக்கிழாராக இருந்த 1772-லேயே, பழைய கர்னல் சீருடையில் அவரை வரைந்துவிட்டார். வாஷிங்டனின் மிகப் பழைய உருவப்படம் இதுதான். பிள்ளைகளுக்கு ரஃபேல், ரெம்ப்ராண்ட், ரூபன்ஸ், டிஷியன் என்று பெயர் வைத்த பீல், 1795-ல் தம்பியையும் மகன்களையும் கூட்டிக்கொண்டு போய் ஜனாதிபதியைச் சுற்றி உட்கார்ந்து குடும்பமாகவே வரைந்தார்.

மக்கள் மனதில் நின்றதென்னவோ ஸ்டூவர்ட்டின் வாஷிங்டன்தான். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் கடன் கழுத்தை நெரிக்க 1793-ல் நாடு திரும்பியவர் ஸ்டூவர்ட். பேச்சில் மன்னன். உட்காருபவரைப் பேசிச் சிரிக்கவைத்து முகம் மலரும் கணத்தைப் பிடிப்பது அவர் உத்தி. வாஷிங்டனிடம் அது எடுபடவில்லை. போதாக்குறைக்குப் புதிய பல்செட் வேறு. வாயை உப்பவைத்திருந்த அந்த இறுக்கம் படத்திலும் இருக்கிறது. மரப்பல் என்று பள்ளிக் கதைகளில் சொல்வது பொய். தந்தமும் மனிதப் பற்களும் சேர்த்துக் கட்டியவை அவருடைய பல்செட்டுகள். 1784-ல் கறுப்பர்களிடம் பற்களை விலைக்கு வாங்கிய செலவு அவர் கணக்கில் பதிவாகியிருக்கிறது.

1796-ல் ஸ்டூவர்ட் வரைந்த முழு உருவப்படம் லான்ஸ்டவுன் பிரபுவுக்காக இங்கிலாந்து போனது. கறுப்பு உடை, நீட்டிய கை, இடுப்பில் வாள். கிரீடம் இல்லாத ஆட்சியாளரை எப்படி வரைவது என்ற கேள்விக்கு அதுவே விடை. 2001-ல் அதை அமெரிக்காவின் தேசிய உருவப்படக் கூடம் 2 கோடி டாலருக்கு வாங்கி நாட்டிலேயே நிறுத்திக்கொண்டது.

அதன் இன்னொரு பிரதி வெள்ளை மாளிகையில் இருக்கிறது. 1814 ஆகஸ்டு 24 அன்று பிரிட்டிஷ் படை தீ வைக்க வந்தபோது ஜனாதிபதியின் மனைவி டாலி மேடிசன் அதைக் காப்பாற்றினார் என்பது பாடப்புத்தகக் கதை. படத்தை எடுக்கச் சொன்னது அவர்தான். ஆனால் ஏணி வைத்து இறக்கிக் கொண்டுபோனது வாயில் காப்பவரும் தோட்டக்காரரும் என்று 1865-ல் எழுதினார் பால் ஜென்னிங்ஸ். அன்று அவர் பதினைந்து வயது அடிமைப் பையன், அதே மாளிகையில் வேலை செய்தவர்.

மூன்றாவதாக ஒரு நகல் இந்தியாவுக்கே வந்தது. கல்கத்தாவின் பெரும் வணிகர் ராம்துலால் டே, அமெரிக்கக் கப்பல்களுக்கு நம்பகமான முகவர். அவருக்கு நன்றி சொல்ல, அமெரிக்க வணிகர்கள் 1801-ல் ஆளுயர வாஷிங்டன் படத்தைப் பரிசாக அனுப்பினார்கள். ஸ்டூவர்ட்டின் படத்தைப் பார்த்து வில்லியம் வின்ஸ்டன்லி என்பவர் எழுதிய நகல் அது. தலைமுறைகளாகக் கல்கத்தாவில் இருந்து, பின்னர் கடல் தாண்டித் திரும்பி, வர்ஜீனியாவின் வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகத்தின் வசம் சேர்ந்தது.

சட்டத்தின் ஓரத்தில்

இத்தனை முகங்களுக்கு நடுவில் காணாமல்போன முகங்களும் உண்டு. மேரிலாந்தில் 1710 வாக்கில் யூஸ்டஸ் கூன் வரைந்த மூன்றாம் ஹென்றி டார்னல் படத்தில், வில்லோடு நிற்கும் பணக்காரச் சிறுவனுக்குப் பின்னால், இடுப்பளவு சுவருக்கு அப்பால், ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். கையில் சுட்ட பறவை. கழுத்தில் வெள்ளி வளையம். காலனி ஓவியத்தில் இடம்பெற்ற கறுப்பினத்தவரில் காலத்தால் முந்தியவன் இவன் என்கிறார்கள். எஜமானின் பெயர் இருக்கிறது, அவன் பெயர் இல்லை.

பூர்வகுடிகளின் கதை வேறு மாதிரி. பென்சில்வேனியாவின் உரிமையாளர்களான பென் குடும்பத்துக்காக, ஸ்வீடன்காரர் குஸ்டாவஸ் ஹெசீலியஸ் 1735-ல் லெனாபி இனத் தலைவர்கள் டிஷ்கோகன், லாபோவின்சா இருவரையும் வரைந்தார். அலங்காரம் இல்லை, கேலி இல்லை. சுருக்கம் விழுந்த, கவலை படிந்த இரண்டு மனித முகங்கள். இரண்டே ஆண்டுகளில் அவர்கள் கவலை உண்மையானது. ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம்வரை நிலம் தங்களுக்கே என்று பழைய பத்திரம் ஒன்றைக் காட்டினார்கள் பென் குடும்பத்தார். தலைவர்கள் கைநாட்டு வைத்தார்கள். முன்கூட்டியே வெட்டிய பாதையில், வேகமாக நடக்கும் ஆட்களைக் கூலிக்குப் பிடித்து விட்டார்கள். ஏறத்தாழ 1,200 சதுர மைல் நிலம் பறிபோனது. படங்கள் மட்டும் பத்திரமாக இருந்தன.

தூரிகை பிடித்த கறுப்பினக் கைகளும் இருந்தன. பால்டிமோரில் 1790-களிலிருந்து தொழில் செய்த ஜோஷுவா ஜான்சன், அடிமைத் தாய்க்கும் வெள்ளையருக்கும் பிறந்து 1782-ல் விடுதலை பெற்றவர். 1798-ல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தபோது, தான் தானாகவே கற்ற மேதை என்றும் எத்தனையோ தடைகளைத் தாண்டியவர் என்றும் அறிவித்துக்கொண்டார். எண்பதுக்கு மேற்பட்ட படங்கள் அவருடையவை என்று கணிக்கப்படுகின்றன. கையெழுத்துள்ளது ஒன்றே ஒன்று. வரைந்தவை அநேகமாக எல்லாம் வெள்ளையர் முகங்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் மறந்துபோயிருந்த அவரை 1939-ல் மீட்டெடுத்தது ஓர் ஆய்வு. அவருடைய விடுதலைப் பத்திரம் கிடைத்தது 1990-களில்தான்.

பீலின் வீட்டில் அடிமையாக வளர்ந்த மோசஸ் வில்லியம்ஸுக்கு வண்ணமும் தூரிகையும் தரப்படவில்லை. முகத்தின் பக்கவாட்டு நிழலைக் காகிதத்தில் வெட்டும் வேலைதான் கிடைத்தது. 1802-ல் விடுதலையான அவர், பீலின் மியூசியத்தில் ஒரே ஆண்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிழல் படங்களை வெட்டித் தள்ளினார். ஒன்றுக்கு எட்டு சென்ட். அந்தச் சம்பாத்தியத்தில் சொந்த வீடு வாங்கினார். நூறு டாலர் முகம் வாங்க முடியாத கூலிக்காரனும் கடைக்காரனும் முதன்முதலாகத் தன் சாயலை வீட்டுக்கு எடுத்துப்போனது இவர் கத்தரிக்கோலால்தான். படத்தில் குத்திய முத்திரை என்னவோ மியூசியத்தின் பெயரில் இருந்தது.

சாவுச் செய்தியும் புதுக் கருவியும்

ஓவியர்களின் பிழைப்பில் மண் போட்டவர்களில் ஓர் ஓவியரே உண்டு. 1825 பிப்ரவரியில், புரட்சி வீரர் லஃபாயெட்டை வரைய வாஷிங்டன் நகருக்குப் போயிருந்தார் சாமுவேல் மோர்ஸ். அவர் உழைப்புக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு அது. ஊரில் மனைவி இறந்த செய்தி கடிதமாக வந்து சேர நாட்கள் பிடித்தன. அவர் வீடு போவதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. பிற்பாடு தந்தியைக் கண்டுபிடித்தவர் இந்த மோர்ஸ்தான். 1839-ல் பாரிஸில் டகேரைச் சந்தித்து, அவருடைய புகைப்பட முறையை நியூயார்க்குக்குக் கொண்டுவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே.

அதன் பிறகு ஊர் ஊராகப் போன ஓவியர்களின் காலம் அஸ்தமித்தது. நியூயார்க், கனெக்டிகட் கிராமங்களில் அரை நூற்றாண்டு அலைந்த அம்மி பிலிப்ஸ் போன்றவர்கள் அதில் கடைசித் தலைமுறை. அவர் வரைந்த நான்கு குழந்தைகள் ஒரே சிவப்பு உடையில் இருக்கிறார்கள். இதைப் பார்த்து, குளிர்காலத்தில் தலையில்லாத உடம்புகளை வரைந்துவைத்து, கோடையில் முகத்தை மட்டும் ஒட்டினார்கள் என்று ஒரு கதை பரவியது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பார்க்க நன்றாக வந்த உடையைத் திரும்ப வரைந்தார், அவ்வளவுதான்.

அந்த முகங்களுக்கு இன்று வேறு வகைப் பஞ்சாயத்து நடக்கிறது. எலிஹு யேலை அவர் உறவினரோடு காட்டும் 1719 வாக்கிலான லண்டன் ஓவியம் ஒன்று யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. அதன் ஓரத்திலும் கழுத்தில் வெள்ளி வளையத்தோடு ஒரு கறுப்பினச் சிறுவன். 2020-ல் அதை இறக்கி, அந்தச் சிறுவன் யார் என்று ஆராயத் தொடங்கினார்கள். இடைக்காலத்தில் அங்கே தொங்கியது டைட்டஸ் காஃபரின் 2016-ம் ஆண்டு ஓவியம். அதில் கனவான்கள் எல்லாம் கசங்கிச் சுருண்ட துணி. வளையம் நீங்கிய சிறுவனின் முகம் மட்டும் தங்கச் சட்டத்துக்குள். சிறுவனின் பெயர் மட்டும் ஆய்வில் கிடைக்கவில்லை.

பெயரோடு கிடைத்த முகம் ஒன்று உண்டு. 1752-ல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் வந்த முஸ்லிம் அடிமை யாரோ மாமூத், நாற்பத்து நான்கு ஆண்டு உழைத்து 1796-ல் விடுதலை பெற்று, ஜார்ஜ்டவுனில் வீடும் வங்கிப் பங்கும் வாங்கியவர். 1819-ல் அவரைத் தேடிப் போய் வரைந்தார் கிழவர் பீல். யாரும் காசு கொடுத்து எழுதச் சொன்ன படமல்ல அது. 2011-ல் பிலடெல்பியா கலைக்கூடம் அதை வாங்கியது. குல்லாயும் கோட்டுமாக உதட்டோரம் சிரிப்போடு பார்க்கிறார் மாமூத். வாஷிங்டனிடமிருந்து ஸ்டூவர்ட்டால் கறக்க முடியாத சிரிப்பு.